பெர்லினுக்குப் போன தாழிகள்



மியூசியத்தில் ஒரு பானையைப் பார்த்தால் எவ்வளவு பழசு என்று கேட்கிறோம். இங்கே எப்படி வந்தது, யார் எடுத்தார், எந்தக் குழியிலிருந்து எடுத்தார் என்று கேட்பதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் சேர்ந்த பொருள்களைப் பற்றி இன்றைக்கு உலகமெங்கும் இந்தக் கேள்விதான்.

தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1876-ல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டினார். ஐம்பது வகைக்கு மேல் மண்பாண்டம், இரும்பு ஆயுதம், எலும்பு, மண்டையோடு எல்லாம் பெர்லினுக்குப் போயின. பானையைப் பொருள் என்று சொல்லிடலாம். மண்டையோடு? அது யாரோ ஒருத்தருடைய பாட்டன் இல்லையா!

பிறகு 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்கப் பட்டமும் வெண்கலச் சாமானும் சென்னை எழும்பூருக்கு வந்தன. 1915-ல் வந்த அவருடைய அச்சுப் பட்டியல் கையில் இருப்பதால், எது எது என்று தேட நமக்கு ஒரு பிடி கிடைக்கிறது. பதிவேடு, கலெக்டர் ஆபீஸ் கடிதம், பானையடியில் மசியால் எழுதின எண். துப்பறியும் வேலைதான், போங்கள்.

அமராவதிக் கற்கள் கதை இன்னும் மோசம். 1845-ல் வால்டர் எலியட் எடுத்தவை சென்னையில் வெயில்மழையில் கிடந்து, 1859-ல் லண்டன் போயின. 'எலியட் கற்கள்' என்று பேராச்சு. எடுத்தவர் பேர் நின்றது. ஊர்ப்பேர் பின்னால் போச்சு.

நம்ம கீரனூர்க்காரர்களுக்குப் பக்கத்துக் கதையும் உண்டு. பழனிக்கு அந்தப்புறம் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் 2009, 2010-ல் தோண்டினார்கள். ஒரு ஈமக்குழியில் பானை நிறைய நெல். அதே குழியில் தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனை. நெல்லைச் சோதித்தால் கி.மு. 490 என்று வந்தது. இரண்டும் ஒரே குழி என்று குறித்து வைத்ததால்தான் அந்த எழுத்துக்கு வயசு சொல்ல முடிந்தது. காலத்தை ஒத்துக்கொள்ளாத அறிஞர்களும் உண்டு. அவர்கள் வாதாடுவதற்கும் அந்தக் குறிப்புதான் வேண்டியிருக்கிறது. பானையை மட்டும் ஒருத்தர் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நெல் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

திருப்பிக் கொடு என்று கேட்க வேண்டியதுதான். ஆனால் எதை, எங்கிருந்து போனது என்று சொல்லிக் கேட்கணும். வெறும் கோஷம் போதாது.

ஒரு வேண்டுகோள். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தாழி தட்டுப்பட்டால் வெளியே எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்துப் படம் பிடியுங்கள். சர்வே நம்பரை எழுதி, தாசில்தாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.