கடற்பாசியின் கந்தகச் சர்க்கரையும் நமது பயிரும்

(உழவர் தின விழாவில் ஆற்றிய உரை)



"கடற்பாசிச் சாறு தெளித்துவிட்டேன். அதில்தான் கந்தகம் இருக்கிறதே, இனி நிலக்கடலைக்கு ஜிப்சம் எதற்கு?" என்று உழவர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லக் கடலிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்டபம் கடற்கரையில் கிடைக்கும் கஞ்சிப்பாசி, கட்டக்கோரை போன்றவற்றைக் கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கும். சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோர்த்து, அவற்றில் சல்பேட் ஒட்டியிருப்பதே இதற்குக் காரணம். இதையே கந்தகச் சர்க்கரை என்கிறோம். மூங்கில் மிதவைகளில் வளர்த்து, 45 நாட்களில் அறுவடை செய்யும் காப்பாபைக்கஸ் பாசியில் உள்ள காரஜீனன் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு சல்பேட்தான்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் உள்ளது. கடற்பாசி அதைத் தாராளமாக எடுத்துச் செல்சுவரில் சேர்க்கிறது. அது நீரைப் பிடித்து வைப்பதால், நீர் வற்றும் நேரத்திலும் பாசி உடனே காய்ந்துவிடுவதில்லை. விலங்குகளிலும் இச்சர்க்கரை உண்டு. மாட்டின் மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பதும், 1916-ல் கண்டறியப்பட்ட, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் இதே இனந்தான்.

ஆனால் நெல், நிலக்கடலை முதலிய நிலத்தாவரங்களின் செல்சுவரில் இது இல்லை. சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தாவரங்கள் கரையேறியபோது இப்பழக்கத்தைக் கைவிட்டன. மண்ணில் சல்பேட் குறைவு. கிடைப்பதைப் பயிர் புரதம் செய்யவே பயன்படுத்துகிறது. பின்னர் மீண்டும் கடலுக்குத் திரும்பிய தாவரங்களும் உண்டு. பாக் நீரிணையில் வளரும் கடற்புற்கள் அவ்வாறு திரும்பியவையே. கடற்புற்களின் செல்சுவரில் கந்தகச் சர்க்கரை மறுபடியும் காணப்படுகிறது!

இதில் நமக்கு என்ன பயன்? நம் பயிருக்குக் கந்தகச் சர்க்கரை அந்நியப் பொருள். ஊருக்குள் புது ஆளைக் கண்டால் காவல்காரர் விழித்துக்கொள்வதுபோல, இலையும் தன் நோய் எதிர்ப்பைத் தூண்டிக்கொள்கிறது. புகையிலையில் காரஜீனன் கொண்டு செய்த ஆய்வுகளில் இது தெரியவந்தது. எனவே இது உரமல்ல, எச்சரிக்கை மணி. இதனை மனதில் கொண்டு கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. நோய் முற்றிய பின் தெளித்துப் பயன் எதிர்பார்க்காதீர்கள். முன்கூட்டியே தெளியுங்கள்.

2. எல்லாச் சாறும் ஒன்றல்ல. காரஜீனனைப் பிரித்தெடுத்த பின் கிடைக்கும் சாற்றில் சாம்பல் சத்தும் வளர்ச்சி ஊக்கிகளுமே முக்கியமாக இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். 2021 பிப்ரவரியில் கடற்பாசிச் சாறுகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவரப்பட்டன. ரசீது கேட்டுப் பெறுங்கள்.

3. இறவை நிலக்கடலைக்கு 40-45-ம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பதை நிறுத்தாதீர்கள். தூய ஜிப்சத்தில் 18 சதம் கந்தகம் உண்டு. காய் திரள வேண்டிய சுண்ணாம்புச் சத்தையும் அதுவே தருகிறது. சில லிட்டர் சாறு இதற்கு ஈடாகாது.

4. வயலில் நான்கு பாத்திகளைத் தெளிக்காமல் விட்டு, இரண்டிலும் கிடைக்கும் காய்களை எடை போட்டுப் பாருங்கள். செலவு கட்டுமா என்பதை உங்கள் தராசே சொல்லிவிடும்.

ஜிப்சத்தை வயலில் இடுங்கள். சாற்றைத் தேவையறிந்து தெளியுங்கள். நல்ல மகசூல் பெறுங்கள்.