பிறப்பில் இல்லை குற்றம்



ஈவிரக்கமற்ற சிறுவர் கூட்டம் ஒன்று வரப்போகிறதென்று 1995இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் டியூலியோ எச்சரித்தார். அந்த விரல் கறுப்பினப் பிள்ளைகளை நோக்கியே நீண்டது. நடந்ததோ வேறு. 1996இல் உச்சத்திலிருந்த சிறார் கைதுகள், 2019க்குள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தன.

ஏன்? பெட்ரோலிலிருந்து காரீயம் நீங்கியதால் பிள்ளைகளின் மூளை தப்பியது என்கிறார்கள் சிலர். கிராக் போதைச் சந்தை ஒடுங்கியது என்கிறார்கள் வேறு சிலர். கைது என்பது காவல்துறையின் செயலும்தான். அது மாறினாலும் எண்ணிக்கை மாறும். எந்த விளக்கத்திலும் இரத்தம் மாறவில்லை, சூழலே மாறியது.

ஆனால் அந்த அச்சத்தால் பெரியவர்களாக விசாரிக்கப்பட்ட பலரின் இளமை சிறையிலேயே கழிந்தது.

பிறப்பையே குற்றமாக்கிய 1871ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை அறிந்த நமக்கு இது அயல்கதை அல்ல. கொடுங்குற்ற வழக்கில் 16 வயது நிறைந்தவரைப் பெரியவராக விசாரிக்க 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் இங்கும் வழிவிட்டிருக்கிறது. அடுத்த முறை நம் சேரிப் பிள்ளையை எவரேனும் 'பிறவிக் குற்றவாளி' என்றால், ஆதாரம் கேளுங்கள்.