பரியாரியார் வீட்டுப் பேத்தி சொல்வது

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற மருந்தாளரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விடுதியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். தடிமன் என்று போனால் மேற்பார்வையாளர் அம்மா கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துத் தருவார். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவார். இரண்டு வைத்தியத்துக்கும் அவரிடம் சண்டை இருக்கவில்லை. எதற்கு எது, எத்தனை நாளைக்கு என்ற கணக்கு இருந்தது. இன்று நான் பேசப்போவதும் அந்தக் கணக்கைப் பற்றித்தான்.

என் அம்மப்பா ஊரில் பரியாரியார். நான் 31 வருடம் அரசாங்க வைத்தியசாலை மருந்தகத்தில் வேலை செய்தவள். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் நான் உறவுக்காரி.

யாழ்ப்பாணத்துக்கும் இது புதிதல்ல. பரராசசேகரம் போன்ற சித்த வைத்திய நூல்கள் எழுந்த மண் இது. 1847 இல் இங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சமூவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தை மானிப்பாயில் தமிழிலேயே படிப்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். அன்றிலிருந்து இரண்டும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன.

“மாற்று வைத்தியம்” என்று ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டிவிடுகிறோம். அவை ஒன்றல்ல. எங்கள் நாட்டில் 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்துக்குள் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் எல்லாம் அடங்கும். ஹோமியோபதிக்கு 1970 இல் தனிச்சட்டம் வந்தது. அக்குபங்சர் சீனத்திலிருந்து வந்தது. இவற்றின் அடிப்படைகள் வேறு வேறு.

சித்தத்தில் வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் சமநிலை பார்க்கப்படும். நாடி பார்த்து, பத்தியம் சொல்லி, மூலிகை, உலோகம், உப்பு என்பவற்றால் மருந்து செய்வார்கள். இங்கே மருந்துக்குள் உண்மையிலேயே பொருள் இருக்கிறது. பொருள் இருந்தால் வேலை செய்யும். வேலை செய்கிற எதுவும் பிழையான இடத்தில் கெடுதலும் செய்யும்.

ஹோமியோபதியை 1796 இல் ஜேர்மனியரான ஹானிமன் தொடக்கினார். ஒரு பொருளை நூறில் ஒன்றாகக் கரைத்து, அதை மறுபடி நூறில் ஒன்றாகக் கரைத்துக்கொண்டே போவார்கள். முப்பது தடவை கரைத்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் 60 பூச்சியம். அந்தக் குளிசையில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. 2015 இல் ஒஸ்ரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஹோமியோபதி பயன்தரும் என்று நம்பத்தகுந்த சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என்று அறிவித்தது. அங்கே ஆறுதலாக உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்பார்கள், அது மனதுக்கு நல்லதுதான். ஆனால் குளிசை வேறு, கேட்கிற காது வேறு.

அக்குபங்சர் நாட்பட்ட நாரி நோ, முழங்கால் நோ போன்றவற்றில் சிலருக்கு ஆறுதல் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மை ஊசிக்கும் பாசாங்கு ஊசிக்கும் இடையிலான வித்தியாசம் சிறியதுதான் என்றும் அதே ஆய்வுகள் சொல்கின்றன.

அப்படியென்றால் பழைய அறிவை எறிந்துவிடுவதா? இல்லை. சீன விஞ்ஞானி து யூயூ அம்மையார் 1,600 வருடத்துக்கு முந்திய ஒரு வைத்திய நூலில், காய்ச்சலுக்கு ஒரு பூண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருப்பதைக் கண்டார். அவிக்கச் சொல்லவில்லையே என்று யோசித்து, சூடு குறைந்த முறையில் சாறு எடுத்தார். அதுதான் ஆட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் நாட்டுக் கொத்தலா ஹிம்புட்டுத் தேநீரையும் நீரிழிவு நோயாளரிடம் முறைப்படி பரிசோதித்து, சீனி அளவு குறைவதாக 2005 இல் ஆய்வு வெளியானது. பழைய அறிவுக்கு நாங்கள் செய்யும் மரியாதை இதுதான்: சோதித்துப் பார்ப்பது.

“மூலிகைதானே, என்ன செய்யப்போகிறது?” என்று கேட்பார்கள். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலியவென்று மூலிகைக் குளிசை எடுத்த நூறளவான பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. அதில் கலந்திருந்த செடி, எங்கள் ஈசுரமூலியின் இனம். 2004 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 14 இல் ஈயம், பாதரசம் அல்லது ஆசனிக் இருந்தது. அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தம் கூடும். நீரிழிவுக் குளிசையோடு பாகற்காய்ச் சாறும் குடித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம்.

இனிச் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமானது.

எங்கள் வகுப்புத்தோழி ஒருத்தி ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். ஒரு சூரணமும் எண்ணெயும் கொண்டுவந்து, “இதை எடுக்கலாமோடி, கெடுதல் இல்லையோ?” என்று கேட்டாள். உடம்பில் ஒரு கட்டி, கரையும் என்று தந்தார்களாம். நான் சரக்குகளின் பெயரை வாசித்துப் பார்த்தேன். “கெடுதல் ஒன்றுமில்லை, எடு” என்றேன். கட்டி எங்கே என்று கேட்கவில்லை. அவளும் வெட்கத்தில் சொல்லவில்லை. பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள்.

எட்டு மாதம் கழித்துத்தான் அது மார்பில் என்று தெரிந்தது. அதற்குள் பரவிவிட்டது. நான் சொன்னது சரிதான், அந்தச் சூரணம் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுதல் செய்தது அந்த எட்டு மாதம். கடைசிக் காலத்தில், “எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லு” என்றாள். பன்னிரண்டு வருடம் கழித்து இன்றுதான் சொல்கிறேன்.

2018 இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பரவாத புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நாடியவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல்.

ஆகவே எந்த வைத்தியம் பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். துணையாக என்றால் தடிமனுக்கு மல்லித்தண்ணி, பிள்ளை பெற்ற உடம்புக்குப் பத்தியக்கறி, நோவுக்கு எண்ணெய் எல்லாம் இருக்கட்டும். பதிலாக என்று வரும்போதுதான் நில்லுங்கள். கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு, நெஞ்சு நோ, பாம்புக்கடி, கைப்பிள்ளையின் காய்ச்சல், இவற்றுக்கு முதலில் வைத்தியசாலை.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும் சூரணத்தையும் லேகியத்தையும் உங்கள் டொக்டரிடம் மறைக்காதீர்கள். போத்தலையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன் கட்டாயம் காட்டுங்கள்.

என் அம்மப்பா சில நோயாளரைப் பார்த்துவிட்டு, “இது என்ர கைக்கு அடங்காது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ” என்பார். போக்குவரத்துக் காசும் சிலவேளை அவரே கொடுப்பார். நல்ல வைத்தியரை அடையாளம் காண எனக்குத் தெரிந்த வழி அதுதான். தன் எல்லையைச் சொல்பவரிடம் போங்கள். எல்லாவற்றையும் மாற்றுவேன் என்பவரிடம் போகாதீர்கள்.

இன்று இரவு உங்கள் தோழி ஒருத்தியை அழைத்துப் பேசுங்கள். “சுகமோ?” என்று கேட்டு, “ஓம்” என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.