இலவசக் கணினி நூல்களும் நமது வாலிபர்களும்

(சங்கராபுரத்தில் வாலிபர்கள் கூட்டமொன்றில் கட்சி முழுநேர ஊழியர் ஆற்றிய உரை)



நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசச் சொன்னபோது தயங்கினேன். ஆனால் ஒரு புத்தகம் ஏழையின் கைக்கு எப்படி வருகிறது, எங்கே தடைப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். பிரசுரங்களை ஊர் ஊராய்ச் சுமந்து விற்றவன் நான்.

2012 ஜனவரியில் 'கணியம்' என்ற இணைய இதழைச் சிலர் தொடங்கினார்கள். அதிலிருந்து தமிழில் கணினி நூல்கள் வந்தன. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் லினக்ஸ்', 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' ஆகியவற்றை இன்று எவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்; எழுதியவர் பெயரைச் சொல்லிப் பிரதி எடுத்தும் கொடுக்கலாம். இதற்குக் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமை என்று பெயர்.

இது சாதாரண விஷயமா? 2012-ல்தான் மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள், டெல்லி சர்வகலாசாலையில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையைக் கோர்ட்டுக்கு இழுத்தன. மாணவர்களுக்குப் பாடப்பகுதிகளைப் பிரதி எடுத்துக் கொடுத்ததுதான் குற்றமாம்! மாணவர்களும் ஆசிரியர்களும் எதிர்த்து நின்றார்கள். 2017-ல் அந்தப் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கின. அப்படிப்பட்ட உலகத்தில், 'எடுத்துக்கொள், மற்றவருக்கும் கொடு' என்று எழுதி வைப்பவர்களை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் தோழர்களே, கல்வராயன் மலையிலிருந்து ஒரு பையன் என்னிடம் வந்தான். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று லினக்ஸ் நூலைப் போனில் இறக்கிக்கொண்டு போனவன். அவன் ஊரில் சிக்னல் கிடைக்காது. 'இந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்து பாருங்கள்' என்கிறது நூல். எதில் தட்டுவான்? அவனிடம் கம்ப்யூட்டர் இல்லை. கட்டளைகளையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

"அண்ணே, இதை அடிச்சா என்ன வரும்?" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

புத்தகத்தின் விலைதான் ஒழிந்தது. கருவிக்கும் மின்சாரத்துக்கும் விலை உண்டு. சந்தேகம் கேட்க ஆள் வேண்டும். அத்துடன் கணினி நூல் சீக்கிரம் பழசாகிவிடும். மென்பொருள் மாறினால் பக்கத்தில் இருப்பது ஒன்று, திரையில் வருவது வேறொன்று. வேலை நேரம் போக எழுதுகிறவர்கள் எத்தனை முறைதான் திருத்துவார்கள்? தவறு கண்டால் நாம்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

'எல்லாம் போனில் கிடைக்கிறதே, இனி நூலகம் எதற்கு?' என்று கேட்கும் மேதாவிகளும் இருக்கிறார்கள். 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்த மாகாணம் இது. இன்றும் வீட்டு வரியோடு நூலக வரி கட்டுகிறோம். மலையூர் நூலகத்திலும் கம்ப்யூட்டர் வை, இணைய இணைப்புக் கொடு என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? 2011 முதல் சில வருஷங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சர்க்கார் கொடுத்த மடிக்கணினிகள் பல வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன. பழைய இயந்திரத்திலும் லினக்ஸ் ஓடும் என்று விஷயம் தெரிந்த தோழர்கள் சொல்கிறார்கள். நூலின் முதல் அத்தியாயங்களை அச்செடுத்துக் கொடுக்கச் சட்டத்தில் தடையில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி மாணவர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள்.

வீட்டில் பழைய மடிக்கணினி இருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். அந்தப் பையன் நோட்டோடு பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.