புதுச் சட்டிக்குப் பழமைத் தோற்றம்



கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில் நம்மவர் மண்பாண்டம் வனைந்து வருகின்றனர். சூளையிலிருந்து வந்த புதுச் சட்டி செக்கச் செவேலென்றிருக்கும். பூச்செடிக்கோ, வெண்படலமும் பாசியும் படிந்த பழஞ்சட்டியே அழகு. அதற்காக எண்ணெய்ச் சாயம் பூசுவோரும் உளர். அது வீண் செலவு. மண்ணின் நுண்துளைகளையும் அடைத்துவிடும். நீரிலும் உரத்திலும் உள்ள உப்பு அத்துளைகளின் வழியே கசிந்து, வெளியே உலர்ந்து வெண்மையாகப் படிகிறது. சட்டி பழமையடைவது இவ்வாறுதான்.

இதனை விரைவுபடுத்தலாம். சட்டியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து எடுங்கள். நீற்றிய சுண்ணாம்பை மோர்ப்பதத்தில் கரைத்து, மேற்பாதியில் திட்டுத் திட்டாகப் பூசி, அரையுலர்ந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். சுண்ணாம்பு பட்ட இடத்தில் பாசி எளிதில் பற்றாது. ஆதலால் கீழ்ப்பாதியை அதற்கென விட்டுவிடுங்கள். நிழற்சுவரில் சுரண்டிய பாசியைத் தயிரில் பிசைந்து அங்கே தடவி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் நீர் தெளித்து வாருங்கள். சில வாரங்களில் பசுமை படரும். அதுவரை பொறுமை வேண்டும். வெயிலில் வைத்தால் பட்ட பாடெல்லாம் பாழ்.

ஈரம் வேண்டும் என்பதற்காகச் சட்டியின் அடித்தட்டில் நீரைத் தேங்கவிடலாகாது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது கொசுவாகிப் பறந்துவிடும். கொசு பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுமாகும். தட்டு வேண்டுமென்போர் அதில் விளிம்புவரை மணலை நிரப்பி வைக்கலாம்.