ஆளைக் குறை சொல்லாதே, வேலையைப் பார்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. மைக்கைப் பிடிச்சா கை நடுங்குது. தப்பா பேசினா பொறுத்துக்கணும்.

எங்க குழுவுல பத்துப் பேர் சேர்ந்து சாம்பார் பொடி, மிளகாய்ப் பொடி போடுறோம். போன மழைக்காலத்துல ஒரு கடையில இருந்து நாப்பது பாக்கெட் சாம்பார் பொடி திரும்பி வந்துச்சு. பிரிச்சுப் பார்த்தா கட்டி கட்டியா, பூஞ்சை வாசனை. அத்தனையும் குழியில கொட்டினோம். கடன் வாங்கி வாங்கின மல்லி, மிளகாய். வயிறு எரிஞ்சுது.

உடனே என்ன பண்ணினோம்? "சீல் போட்டது யாரு?"ன்னு கேட்டோம். கவருக்கு சீல் போடுற அக்காவை மத்த எல்லாரும் சேர்ந்து வாய்க்கு வந்தபடி பேசினோம். அதிகமா பேசினது நான்தான். அந்த அக்கா ஒண்ணும் சொல்லல. மறுநாளிலிருந்து வேலைக்கு வரல.

அந்தச் சமயத்துல ஒரு பயிற்சிக்குப் போனேன். அங்க ஜப்பானைப் பத்திச் சொன்னாங்க. சாகிச்சி டொயோடான்னு ஒருத்தர், தச்சர் மகன். 1924-ல ஒரு தானியங்கித் தறி செஞ்சார். நூல் அறுந்தா அந்தத் தறி தானா நின்னுடும். கெட்ட துணி ஒரு முழம்கூட நெய்யாது. அவர் மகன்தான் பின்னாடி டொயோட்டா கார் கம்பெனியை ஆரம்பிச்சவர். அந்தக் கம்பெனியில எந்தத் தொழிலாளி குறையைப் பார்த்தாலும் ஒரு கயிற்றை இழுக்கலாமாம். உடனே மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகலைன்னா லைனே நின்னுடும். அப்புறம், "யார் செஞ்சது?"ன்னு கேக்காம, "ஏன் நடந்துச்சு?"ன்னு அஞ்சு தடவை கேப்பாங்களாம்.

ஊருக்கு வந்து நாங்களும் கேட்டுப் பார்த்தோம்.

பொடி ஏன் கட்டியாச்சு? கவருக்குள்ள ஈரம்.
ஈரம் ஏன் வந்துச்சு? பொடி சூடா இருக்கும்போதே சீல் வச்சோம், உள்ளே வேர்த்துப் போச்சு.
ஏன் சூட்டோட வச்சோம்? அஞ்சு மணிக்குக் கடை வண்டி வந்துடும், ஆற வைக்க நேரமில்ல.
ஏன் நேரமில்ல? மில்லுல இருந்து பொடி வரவே நாலு மணி ஆகுது.
ஏன் நாலு மணி? வண்டி வர்ற அன்னிக்குக் காலையிலதான் வறுக்கவே ஆரம்பிக்கிறோம்.

இதுல சீல் போட்ட அக்கா மேல என்ன தப்பு இருக்கு? நாள் குறிச்சது நாங்க எல்லாரும். இன்னொண்ணும் அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. "கவர் கையைச் சுடுதுடி"ன்னு அந்த அக்கா முன்னாடியே ஒருநாள் சொன்னாங்க. "வண்டி வந்துடும், சீக்கிரம் போடுங்க"ன்னு வாயை அடைச்சது நான். அவங்க கயிற்றை இழுத்திருக்காங்க, எங்க காதுலதான் விழல.

நாலு பேரா அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "சாப்பிட்டீங்களா?"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

இப்ப என்ன மாத்தியிருக்கோம்னு சொல்றேன். புது மிஷின் எதுவும் வாங்கல. வண்டி வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தியே காய வச்சு வறுத்து, ஆறினதும் டிரம்முல மூடி வைக்கிறோம். மறுநாள் காலையில முதல் ஆளா மில்லுக்குப் போறோம். அரைச்ச பொடியை அகலமான தட்டுல மெல்லிசா பரப்பி, வெள்ளைத் துணி மூடி, நிழல்ல ஆற வைக்கிறோம். கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு துளிகூட இல்லைன்னாதான் சலிச்சு, எடை போட்டு, சீல். அன்னிக்கே முடிச்சுடணும். ராத்திரி திறந்து கிடந்தா பொடி காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும்.

ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் ரெண்டு பாக்கெட் எங்ககிட்டயே தேதி எழுதி வச்சுக்கிறோம். கடையில இருந்து குறை வந்தா அதைப் பிரிச்சுப் பார்த்துக்கலாம். முன்னாடி தராசு ஒரு மூலை, கவர் ஒரு மூலைன்னு கிடந்துச்சு. இப்ப சல்லடை, தராசு, கவர், சீலிங் மிஷின் எல்லாம் வேலை நடக்கிற வரிசையில இருக்கு. பாதி நடை மிச்சம். சுவத்துல ஒரு எவர்சில்வர் தட்டு மாட்டியிருக்கோம். யாருக்குக் குறை தெரிஞ்சாலும் கரண்டியால தட்டலாம். தட்டினா எல்லாரும் வேலையை நிறுத்தணும். தட்டினவங்களை யாரும் திட்டக் கூடாது.

அதுக்கப்புறம் கட்டி தட்டிப் போச்சுன்னு ஒரு பாக்கெட்கூடத் திரும்பி வரல.

அக்கா தங்கச்சிகளே, நீங்க பாக்குமட்டைத் தட்டு போடலாம், ஊறுகாய் போடலாம், துணி தைக்கலாம். சரக்கு கெட்டுப் போனா திரும்பச் செஞ்சுக்கலாம். ஒரு மனுஷி மனசு உடைஞ்சு குழுவை விட்டுப் போனா, குழுவே போச்சு. அதனால "யாரு?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "ஏன்?"னு அஞ்சு தடவை கேளுங்க.

அந்த அக்கா இதோ முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்காங்க. எங்க தட்டை முதல்ல தட்டினதும் அவங்கதான்.