போர் விமானியும் நிலமும்: தலிப் சிங் மஜிதியாவின் நெடுவாழ்வு

இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட இளைஞர்களின் வரலாறு பெரும்பாலும் போர் முடிந்த நாளோடு நிறுத்தப்பட்டுவிடுகிறது. அவர்களுள் பலர் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து, சிலர் காட்டுத்தீயை அடக்கும் பணிக்கும் சிலர் பண்ணைத் தொழிலுக்கும் தம் பயிற்சியைக் கொண்டுசென்றனர் என்பது அரிதாகவே பேசப்படுகிறது. இந்திய விமானப்படையில் இதற்குத் தக்க சான்று, 1920 ஜூலை 27 அன்று சிம்லாவில் பிறந்து 2024 ஏப்ரலில், 103ஆம் வயதில், உத்தராகண்டின் ருத்ரபூரில் மறைந்த ஸ்குவாட்ரன் லீடர் தலிப் சிங் மஜிதியாவின் வாழ்க்கை. ஸ்குவாட்ரன் லீடர் என்பது தரைப்படையின் மேஜருக்கு நிகரான விமானப்படைப் பதவி. போர்க்கால ஓடுதளம் ஒன்றை உளுந்தூர்ப்பேட்டையில் வைத்திருப்பதும், கரும்பை முதன்மைப் பயிராகக் கொண்டதும், கோடைதோறும் கல்வராயன் மலையில் தீயைச் சந்திப்பதுமான கள்ளக்குறிச்சி மாவட்டம் இவ்வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பதற்குப் பொருத்தமான இடமே ஆகும்.

1940இல் விமானப்படையின் தன்னார்வச் சேமப்பிரிவில் சேர்ந்த மஜிதியா, லாகூரின் வால்டன் விமானத்தளத்தில் பயிற்சி பெற்று, அடுத்த ஆண்டு சென்னைப் பரங்கிமலையில் இயங்கிய கடலோரக் காவல் விமானப் பிரிவில் பணியமர்த்தப்பட்டார். அப்பிரிவுக்குக் கிடைத்தவை வாப்பிட்டி முதலிய பழைய விமானங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை இறக்கை கொண்டவை, விமானி அமரும் இடத்துக்குக் கூரையற்றவை. இவற்றைக் கொண்டுதான் வங்கக் கடலின் மேல் நெடுந்தொலைவு சுற்றி வந்து, எதிரிக் கப்பல்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகி, சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைக் காலிசெய்த அந்த மாதத்தை நினைத்துப் பார்த்தால், கடற்காவலில் இருந்தவர்கள் எத்தனை சொற்பமான கருவிகளோடு எத்தனை பெரிய பொறுப்பைச் சுமந்தனர் என்பது விளங்கும்.

பின்னர் அவர் ஹரிக்கேன் விமானங்களை ஓட்டும் பயிற்சி பெற்று, மெஹர் சிங் தலைமையிலான 6ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்தார். 1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில் தோற்றுவிக்கப்பட்ட அப்படைப்பிரிவின் பணி வேவு பார்த்தல்; அதாவது எதிரியின் நிலப்பரப்பின் மேல் தாழப் பறந்து, பாதை, பாலம், படகு, பதுங்குமிடம் ஆகியவற்றைக் கண்டும் படமெடுத்தும் தரைப்படைக்குத் தெரிவித்தல். விமானங்கள் இரண்டிரண்டாகச் சென்றன. ஒருவர் தரையைப் பார்க்க, மற்றவர் பின்னாலும் மேலாகவும் வளைந்து வளைந்து பறந்து அவருக்குக் காவலாக இருந்தார். மூங்கிற்காட்டின் பச்சைக்கு நடுவே நேற்று இல்லாத ஒரு தடம் இன்று தெரிகிறதா, ஆற்றங்கரையில் வெட்டிப் போட்ட தழை வாடி நிறம் மாறியிருக்கிறதா என்று நொடிப்பொழுதில் கண்டுகொள்ளும் கண் அவ்வேலைக்குத் தேவைப்பட்டது. மஜிதியா பர்மா முனையிலும் பணியாற்றினார். குண்டு வீசியவர்களைப் போற்றும் போர்வரலாறுகள் இப்படி நிலத்தைப் படித்தவர்களுக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

போருக்குப் பின் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பணியாற்றியபோது சந்தித்த ஜோன் சாண்டர்ஸை 1947இல் மணந்துகொண்ட அவர், அதே ஆண்டில் விமானப்படையிலிருந்து விலகி, கோரக்பூருக்கு அருகிலுள்ள சர்தார்நகரில் தம் குடும்பத்தார் நடத்திவந்த சர்க்கரை ஆலைத் தொழிலிலும் வேளாண்மையிலும் ஈடுபட்டார். 1949 ஏப்ரல் 23 அன்று ஒற்றை எஞ்சின் கொண்ட பொனான்சா விமானத்தைக் காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நிலம் ஒன்றில் அவர் இறக்கினார். அப்பள்ளத்தாக்கில் இறங்கிய முதல் விமானம் அதுவே, இன்றைய திரிபுவன் பன்னாட்டு விமான நிலையம் அமைந்திருப்பதும் அவ்விடமே. சுற்றிலும் மலை, ஓடுதளம் கிடையாது. தரையின் சரிவையும் ஈரத்தையும் காற்றின் போக்கையும் மேலிருந்தே கணித்தாக வேண்டிய அந்த இறக்கத்தில், வேவு விமானி பெற்ற கண்தான் பயன்பட்டிருக்க வேண்டும்.

அவர் மறைந்தபோது எழுதப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் காத்மாண்டு இறக்கத்தையே சிறப்பித்தன. ஆயினும், கரும்போடும் நிலத்தோடும் பிணைந்த பிந்தைய வாழ்க்கை, போரில் கழிந்த ஆறேழு ஆண்டுகளைவிடப் பன்மடங்கு நீண்டது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கொண்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் உழவருக்கு, கரும்புத் தொழில் எத்தகைய காலக்கட்டுப்பாடு உடையது என்பதை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வெட்டிய கரும்பு வயலிலோ ஆலை வாசலிலோ காத்துக் கிடந்தால் எடையும் குறையும், சாற்றின் இனிப்பும் குறையும். ஆகவே வெட்டு உத்தரவு, வெட்டாள், வண்டி, அரவை ஆகிய நான்கும் ஒரே கணக்கில் ஓடியாக வேண்டும். இதனைப் போர்ப்பணிக்குச் சற்றும் தாழாத ஒழுங்கு எனக் கொள்வதில் தவறில்லை.

கடல் கடந்த நாடுகளில் இதே தலைமுறையின் விமானங்கள் வேறொரு வேலைக்குத் திரும்பின. 1955இல் கலிபோர்னியாவின் வில்லோஸ் என்னும் ஊரைச் சேர்ந்த வான்ஸ் நோல்டா, போர்க்காலப் பயிற்சி விமானமாக இருந்து பயிருக்கு மருந்து தெளிக்க மாற்றப்பட்ட ஸ்டியர்மேன் விமானத்திலிருந்து, மெண்டசினோ காட்டுத்தீயின் மேல் தண்ணீரைக் கொட்டினார். மறு ஆண்டே அப்பகுதி விமானிகளைக் கொண்டு ஒரு தீயணைப்பு விமானக்குழு அமைந்தது. கப்பல்களைத் தாக்கக் கட்டப்பட்ட அவெஞ்சர் விமானங்களும் பின்னர் இப்பணிக்கு வந்தன. தண்ணீர் தரையை எட்டுமுன்பே ஆவியாகிப் போனதால் போரேட் உப்பைக் கலந்து வீசினர். அது மண்ணில் எதையும் முளைக்கவிடாது என்று தெரிந்தபின், பயிருக்கு உரமாகும் அம்மோனியம் பாஸ்பேட் முதலிய உப்புகளுக்கு மாறினர். தீயை அணைப்பது மட்டுமன்றி, அணைந்தபின் அந்நிலம் என்னாகும் என்றும் கேட்கத் தொடங்கியதே இத்துறையின் முதிர்ச்சிக்கு அடையாளம்.

விமானம் வீசும் நீர் பெரும்பாலும் தீயை முற்றாக அணைப்பதில்லை. அதன் வேகத்தைத் தணித்து, தரையில் உள்ளோருக்கு நேரம் வாங்கித் தருகிறது. இவ்வுண்மை கல்வராயன் மலைக்கு மிகவும் வேண்டியது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அம்மலையில் இலையுதிர் காடுகள் மிகுதி. மாசி, பங்குனியில் சருகும் காய்ந்த புல்லும் தரையை மூடிக் கிடக்கின்றன. சரிவில் பற்றிய தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். கீழேயுள்ள அனல் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுவதே அதற்குக் காரணம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றி, 23 உயிர்களைக் குடித்த தீயும் மலைச்சரிவுத் தீயே. 2024 மார்ச்சில் குன்னூர்க் காடு எரிந்தபோது, சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர், கயிற்றில் தொங்கும் பெரும் வாளியால் நீர்நிலையில் மொண்டு, 16,000 லிட்டர் அளவுக்குக் கொட்டியது. அதே காலத்தில் தரையில் வனப்பணியாளர்களும் தீயணைப்புத் துறையினரும் பாடுபட்டனர்.

கல்வராயனின் அடிவாரத்தில் கோமுகி அணை உள்ளது. அவசரத்தில் வாளிக்கு நீர் கிடைக்கும் இடமாக அதனைக் கருதலாம். ஆனால் ஹெலிகாப்டர் வந்து சேருமுன் தீயை எதிர்கொள்வோர் வெள்ளிமலையிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் வனக் காவலர்களும்தான். பச்சைத் தழைக்கொத்தால் அடித்துத் தீயை அமர்த்துவது, காற்று எதிர்த்திசையில் வீசும்போது எதிர்த்தீ வைத்து இடையிலுள்ள சருகை எரித்துவிடுவது, கோடைக்கு முன்பே புல்லையும் சருகையும் நீக்கி வெறுந்தரையாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது ஆகியவை அவர்களது கையில் உள்ளன. எந்த ஓடையோரம் தீ தானே நிற்கும், எந்த முகட்டில் பிற்பகற் காற்று திரும்பும் என்பதை அறிந்தவர்களும் அவர்களே. தீத்தடுப்புக் கோடு எங்கே செல்ல வேண்டும் என்று தை மாதத்திலேயே அவர்களோடு நடந்து முடிவு செய்வதும், அவ்வேலைக்குரிய கூலியைக் கோடைக்கு முன்பே தந்துவிடுவதும் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் செய்யக்கூடியவை.